மண்ணீரல் இல்லாத உடம்பு

என் மனைவிக்குக் கணையத்தில் கட்டி வந்தது. உள்ளே நீர் கோத்த கட்டி. கணையம் என்று ஒன்று வயிற்றுக்குள் இருப்பதே எங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்குத்தான் தெரியும். நான் எட்டாவது வரை போனவன். அவள் அவ்வளவும் இல்லை.

எங்கள் ஊர் மாமல்லபுரத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவில். கடலோரத்தில் ஒரு ரிசார்ட்டில் நான் நீச்சல் குளம் பார்க்கிறேன். காலையில் வலை போட்டு இலை அள்ள வேண்டும், மருந்து கலக்க வேண்டும், அடியில் படிந்த மண்ணை உறிஞ்சி எடுக்க வேண்டும். அவள் அங்கேயே துணி மடிக்கும் வேலையில் இருந்தாள். போர்வை, தலையணை உறை, துண்டு.

வலி அங்கேதான் ஆரம்பித்தது. மேல் வயிற்றில் பிடித்து முதுகுக்குப் போகும். துண்டுகள் அடுக்கி வைத்த மேசைமேல் வயிற்றை அழுத்திக் குனிந்து நிற்பாள். கொஞ்சம் விடும். மறுபடி மடிப்பாள். கேஸ் என்றாள். சோடா குடித்தாள். பிறகு சாப்பாட்டைக் குறைத்தாள். சாப்பிட்டால்தானே வலி, அதனால் சாப்பிடாமல் இருந்தாள். நான் கேட்டால், "உனுக்கு இன்னா, ஆம்பளைக்கு வயித்து வலி வந்தா ஊரைக் கூட்டுவ, நாங்க அப்டியா" என்பாள்.

ஒரு நாள் காலை பல் விளக்கும்போது ரத்தமாக வாந்தி எடுத்தாள். வாளி முழுவதும் சிவப்பு. அவளே அதைப் பார்த்துவிட்டு, யாரோ எடுத்த வாந்தி போல ஒதுங்கி நின்றாள். பிறகு விழுந்தாள்.

செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனோம். அங்கே ரத்தம் ஏற்றி, குழாய் விட்டுப் பார்த்து, ஸ்கேன் எடுத்து, சென்னைக்கு அனுப்பினார்கள். சென்னையில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். குள்ளமாக இருப்பார். நின்றுகொண்டேதான் பேசுவார்.

"கட்டி கணையத்தோட வால் பக்கம் இருக்கு. பக்கத்துல ஒரு ரத்தக்குழாய் ஓடுது. கட்டி அதை அமுக்கி அடைச்சிடுச்சு. ரத்தம் போக வழி இல்லாம இரைப்பைப் பக்கம் இருக்கற சின்னக் குழாய்ங்க வீங்கிடுச்சு. அதுல ஒண்ணு வெடிச்சதுதான் அந்த வாந்தி."

எனக்குப் புரிந்தது. குளத்துக் குழாயிலும் அப்படி நடக்கும். ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் பிய்த்துக்கொண்டு வரும்.

"புத்து நோயாம்மா?"

"இப்ப இல்ல. அப்படியே விட்டா ஆகலாம். அதனால எடுத்துடணும். கூடவே மண்ணீரலையும் எடுக்கணும். அடைச்ச குழாய் அங்கேர்ந்துதான் வருது."

"அது இல்லாம இருக்க முடியுமா?"

"இருக்கலாம். ஜாக்கிரதையா இருக்கணும்."

எடுத்தார்கள். கட்டி, கணையத்தில் பாதி, மண்ணீரல். கட்டி என் கைமுட்டி அளவு என்றார்கள். நான் பார்க்கவில்லை. காட்டுகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றேன்.

ஆபரேஷனோடு முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. வெட்டிய இடம் ஒட்டவில்லை. கணையத்துத் தண்ணீர் உள்ளே கசிந்தது. அதை வெளியே எடுக்க விலாவில் டியூப் வைத்து, டியூப் முனையில் ஒரு பை கட்டினார்கள். தண்ணீர் டியூபுக்குள் மட்டும் வரவில்லை. டியூபைச் சுற்றியும் வந்தது. அது சோற்றைச் செரிக்க வைக்கிற தண்ணீர். வெளியே வந்தால் தோலையும் செரிக்கும். இடுப்பு வரை தோல் வெந்து போனது. புடவை பட்டால் அலறுவாள். அலறல் முடிந்ததும் அமைதியாகச் சொல்வாள்: "என்னையே நான் துன்னுக்கினு கீறேன், மாமா."

அந்த டியூபோடுதான் வீட்டுக்கு வந்தோம். ஆறும்வரை அது இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்போதுதான் அவளுடைய அக்கா வந்தார். வேடந்தாங்கல் பக்கம் கட்டிக்கொடுத்த இடம். புருஷன் இல்லை. மகன் இருக்கிறான், மாடு இருக்கிறது. எல்லாவற்றையும் மருமகள் தலையில் கட்டிவிட்டு ஒரு கட்டைப் பையோடு வந்து இறங்கினார். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

வந்த அன்றைக்கே என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னா தம்பி, பொண்டாட்டிய இப்டி நாரா ஆக்கி வெச்சிகினு கீற? ஊருக்கெல்லாம் கொளத்தைக் களுவுற, வூட்ல ஒருத்திய பாக்கத் தெரில."

வாய் அப்படி. கை அப்படி இல்லை. டியூபையும் பையையும் அவர்தான் பார்த்தார். பை நிறைந்தால் அளந்து ஊற்றுவார், முகம் சுளிக்க மாட்டார். வெந்த தோலுக்கு வெள்ளைக் களிம்பு தடவுவார். தடவும்போது தங்கச்சி கத்தாமல் இருக்க யாரையாவது திட்டிக் கதை சொல்வார். பெரும்பாலும் மருமகளை. என் மனைவி வலியோடு சிரிப்பாள். நான் வேலைக்குப் போய்வர முடிந்தது அக்காவால்தான். அக்கா இல்லை என்றால் அவள் அப்போதே போயிருப்பாள். இதை முதலில் எழுதிவிட வேண்டும். பின்னால் எழுதப்போவதைப் படித்துவிட்டு அக்காவை யாரும் தப்பாக நினைக்கக் கூடாது.

கசிவு நின்றது. டியூபை எடுத்தார்கள். அதோடு சர்க்கரை வந்தது. பாதிக் கணையம்தானே இருக்கிறது. காலையும் மாலையும் ஊசி. அதையும் அக்கா கற்றுக்கொண்டார்.

டியூப் எடுத்த அன்று டாக்டரம்மா என்னையும் அவளையும் உட்கார வைத்துப் பேசினார். அன்றைக்கு மட்டும் அவரும் உட்கார்ந்தார்.

"கிருமி உள்ள வந்தா புடிக்கறது மண்ணீரல். உங்களுக்கு அது இனிமே இல்ல. தடுப்பூசி போட்டிருக்கோம். ஆனா ஊசி எல்லாத்தையும் தடுக்காது. ஜுரம் வந்தா வீட்ல வெச்சுப் பார்க்கக் கூடாது. குளிர் எடுத்தாலே இந்த மாத்திரையைப் போட்டுட்டு பக்கத்துல இருக்கற பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. மண்ணீரல் எடுத்த உடம்புன்னு முதல்ல சொல்லுங்க. புரியுதா?"

புரிந்தது என்றோம். வீட்டுக்கு வந்து அக்காவிடமும் சொன்னேன். அக்கா அந்த மாத்திரையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். "ஜுரம்னா இத்த குட்த்துட்டு ஓடணும். அவ்ளோதானே? தெரியும் போ" என்றார்.

தெரியும்தான். மூன்று பேருக்கும் தெரியும்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போதே அவள் சொல்லியிருந்தாள்: "இனிமே என்னை ஆஸ்பத்திரிக்கு இஸ்துகினு போவாத. இதோட போதும்." நான் சரி என்றேன். அப்போது யார் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

வெயில் காலம் வந்தது. கத்திரி வெயில். எங்கள் பக்கத்தில் அந்த மாசத்தில் வீடுகளில் தாய் இறங்குவாள். அம்மை என்று நாங்கள் சொல்ல மாட்டோம். தாய் வந்திருக்கிறாள், அவ்வளவுதான். வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் அந்த வீட்டுக்குள் யாரும் போக மாட்டார்கள், அந்த வீட்டிலிருந்து யாரும் எங்கும் போக மாட்டார்கள். தாளிக்க மாட்டார்கள். மருந்து, மாத்திரை, ஊசி எதுவும் தொடக் கூடாது. தாய் வந்த உடம்பில் ஊசி குத்தினால் தாயைக் குத்தினது போல. இளநீர், கூழ், மோர். வேப்பிலைமேல் படுக்க வைப்பார்கள். உடம்பில் போட்ட முத்து வாடித் தாய் போனதும் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். நானும் அப்படி வளர்ந்தவன்தான். எனக்கும் சின்ன வயதில் வந்திருக்கிறாள். எங்கள் தெருவில் அந்த வருடம் இரண்டு வீட்டில் வேப்பிலை இருந்தது.

அன்று காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது அவள் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வெயிலில்.

"இன்னா, ஒரு மாதிரி கீற?"

"ஒண்ணும் இல்ல. ஃபேன் காத்து ஒத்துக்கல. நீ போ."

போனேன். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருக்கலாம். கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தாள்.

மதியம் அக்கா போன் செய்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். "தம்பி, வூட்டுக்கு வரும்போது குளிச்சிட்டு வா. வழில எங்கியும் துன்னாத. தாய் வந்திருக்கா."

எனக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. குளத்தடிக் குழாயில் குளித்தேன். சைக்கிளை மிதித்தேன். வாசலில் வேப்பிலை. உள்ளே மஞ்சள் வாசனை. அவள் கூடத்தில் வெள்ளை வேட்டிமேல் படுத்திருந்தாள். சுற்றிலும் வேப்பிலை. கண் மூடியிருந்தது. மூச்சு வேகமாக ஓடியது.

"எங்க வந்திருக்கு?" என்று கேட்டேன்.

அக்கா புடவையை முழங்காலுக்கு ஏற்றிக் காட்டினார். காலில் புள்ளிகள். நாவல் பழத்தை நசுக்கி வைத்தது போன்ற நிறம். பாதத்தில் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து திட்டாக இருந்தன. தண்ணீர் கோத்த முத்து ஒன்றுகூட இல்லை. முகத்தில் இல்லை. நெஞ்சில் இல்லை.

"இது சாதா முத்து இல்ல, தம்பி. கோவமா வந்திருக்கா" என்றார் அக்கா.

"ஜுரம் அடிச்சுதா?"

"தாய் வந்தா ஒடம்பு கொதிக்காம இன்னா பண்ணும்? நீ போனதும் நடுங்கினா பாரு, கட்டிலே ஆடுச்சு. ரெண்டு தபா வாந்தி. அப்பால ஒடம்பு நெருப்பா சுட்டுது. அப்பால காலைப் பாத்தா முத்து போட்டிருக்கா. எனுக்குப் புரிஞ்சிடிச்சு."

"அந்த மாத்திரை?"

அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசியது போல. "தாய் வந்த ஒடம்புக்கு மாத்திரையா? சக்கரை ஊசியே போடல நான்."

"அக்கா, டாக்டரம்மா ஜுரம்னா ஓடி வரச் சொன்னாங்க."

"ஜுரம்னா நானே தூக்கினு ஓடியிருப்பேனே. இது ஜுரம் இல்லியே. ஜுரம் வேற, தாய் வேற. உனுக்குத் தெரியாதா?"

தெரியும். அதுதான் என் கஷ்டம். யார் கேட்டாலும் எங்கள் தெருவில் அதைத்தான் சொல்வார்கள். டாக்டரம்மா ஜுரத்தைப் பற்றிச் சொன்னார். தாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று என் மனமும் ஒரு நிமிடம் சொன்னது. நான் அவள் கையைப் பிடித்தேன். கொதிக்கும் என்று பிடித்தேன். சில்லென்று இருந்தது. நகம் நீலமாக இருந்தது. அந்த வெயிலில், அந்தத் தகரக் கூரைக்குக் கீழே, கை சில்லென்று இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன்.

அக்கா எழுந்து வாசலில் போய் நின்றார். இரண்டு கையையும் நிலையில் வைத்துக்கொண்டார்.

"எங்க தம்பி இருந்தான், தெரியுமா உனுக்கு? எனுக்கும் இவளுக்கும் நடுவுல. தாய் வந்த ஒடம்போட எங்கப்பன் அவனை பஸ்ல ஏத்தினு போனாரு. எங்கம்மா கால்ல வுளுந்து தடுத்தா. கேக்கல. பொணமாத்தான் திரும்பி வந்தான். சாவற வரிக்கும் எங்கம்மா எங்கப்பன் மொகத்தைப் பாக்கல. எங்கப்பன் செஞ்சத்த நீ செய்யாத. சொல்லிட்டேன்."

இந்தக் கதை எனக்கு அதுவரை தெரியாது. இத்தனை வருடத்தில் என் மனைவி சொன்னதில்லை.

அவள் கண்ணைத் திறந்தாள். நாங்கள் பேசியது கேட்டிருக்கிறது.

"வுட்டுடு மாமா" என்றாள். நாக்கு குழறியது. "தாயி பாத்துக்குவா. அங்க போனா திரும்ப டியூப் வெப்பாங்க. என்னால ஆவாது."

"டியூப் வெக்க மாட்டாங்க."

"உனுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு மூளை ஓடவில்லை. மாத்திரையை எடுத்து அவள் வாயில் வைத்தேன். அக்கா தடுக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளால் விழுங்க முடியவில்லை. மாத்திரை உதட்டில் ஒட்டிக்கொண்டு நின்றது.

வண்டி பிடிக்கப் போனேன். பின் தெருவில் பாய் இருக்கிறார். கோவளத்துக்காரர், இங்கே பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்டவர். சிறுசேரி கம்பெனிக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் கார் ஓட்டுகிறார். ராத்திரி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குவார். எழுப்பினேன். லுங்கியோடு வந்தார்.

"மச்சான், இன்னா பேஜாரு இந்த நேரத்துல?"

சொன்னேன். தாய் என்றதும் இரண்டு அடி பின்னால் போனார்.

"தாயி வந்திருக்கும்போது எப்டி மச்சான் வண்டில ஏத்தறது? சாயங்காலம் பொண்ணுங்க ஏறி குந்தற வண்டி."

"நீ பாய்தானே. உனுக்கு இன்னா தாயி?"

"சாமிதான் உங்களுது. பயம் எங்களுக்கும்தான்" என்றார். "எங்க வூட்லயும் வந்திருக்கா. என்னைப் பெத்த அத்தாவே வேப்பிலை வெச்சாரு. சாமி கிட்ட வம்பு வெச்சுக்கினு நான் எங்க போறது? ஆம்புலன்சுக்கு அடி."

போன் செய்தேன். வண்டி எல்லாம் வெளியே போயிருக்கிறது, அனுப்புகிறோம், கொஞ்சம் நேரம் ஆகும் என்றார்கள். போனைப் பிடித்துக்கொண்டே அவர் வாசலில் உட்கார்ந்துவிட்டேன். நான் அழுகிற ஆள் இல்லை. அன்றும் அழவில்லை. ஆனால் என் முகத்தில் ஏதோ இருந்திருக்கும். பாய் உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

"வண்டியை உன் வூட்டு வாசல்ல நிறுத்தறேன். உங்க அக்கா சரின்னா ஏத்திக்கறேன். அந்தம்மா வேணான்னா என்னைக் கேக்காத. சாபத்துக்கு நான் ஆள் இல்ல."

வீட்டுக்கு ஓடினேன். அக்கா அவள் தலையை மடியில் வைத்து இளநீர் ஊட்டிக்கொண்டிருந்தார். இளநீர் உள்ளே போகவில்லை. கடைவாய் வழியாக வழிந்து காதுக்குள் இறங்கியது. அக்கா துடைத்துத் துடைத்து மறுபடி ஊட்டினார். "குடி. குடிடி. ஒரு வாய் குடி கண்ணு." மூக்கு நுனியிலும் அந்த நாவல்பழ நிறம் வந்திருந்தது.

நான் அக்கா காலில் விழுந்தேன். கல்யாணத்தில்கூட நான் யார் காலிலும் விழவில்லை, அதற்கு ஒரு சண்டையே நடந்தது. அன்று விழுந்தேன். காலைப் பிடித்துக்கொண்டேன்.

"எழுந்திரு தம்பி. இன்னா பண்ற நீ? எழுந்திரு" என்று அக்கா காலை இழுத்தார். நான் விடவில்லை.

"அக்கா. இவ போயிட்டா நான் உன் மொகத்தைப் பாக்க மாட்டேன். உங்கம்மா உங்கப்பனைப் பாக்காத மாதிரி."

சொன்னது நான்தான். அது எப்படி என் வாயில் வந்தது என்று தெரியவில்லை. சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னேன்.

அக்கா அவள் தலையை மடியிலிருந்து மெதுவாக இறக்கினார். பிறகு இளநீர் டம்ளரைக் கீழே வைத்தார். மூலையில் இருந்த சொம்பை எடுத்தார், மஞ்சள் தண்ணீர். அதில் ஒரு கொத்து வேப்பிலையைச் செருகினார். சொம்பைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"தாயே, உன்னை வூட்ல தனியா வுட்டுட்டுப் போவல. நீயும் வா. உன் பொண்ணை நீயே கூட்டினு வா. டாக்டரு கண்ணுல நீ குந்து. கோவம்னா என்மேல காட்டு, இவமேல காட்டாத."

வேப்பிலைச் சொம்போடு போய் காரின் முன் கதவைத் திறந்தார். "பாய், முன் சீட்டு தாய்க்கு. நாங்க மூணு பேரும் பின்னால."

பாய் சொம்பைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "சரிம்மா. தாயி சாயாம இருக்கணும், பெல்ட்டு போட்டுடறேன்" என்று சொல்லி நிஜமாகவே பெல்ட்டை இழுத்துச் சொம்பைச் சுற்றிக் கட்டினார். கிண்டல் இல்லை. கவனமாகக் கட்டினார்.

அவளைத் தூக்கிக்கொண்டு போனேன். கனமே இல்லை. தெருவில் எல்லோரும் வாசலில் நின்றார்கள். தாய் வந்த உடம்பை வெளியே எடுக்கிறான் என்று ஒருத்தி சத்தமாகவே சொன்னாள். ஒரு கிழவி வேகமாக உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

திருக்கழுக்குன்றத்தில் நெரிசல். பாய் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒருத்தன் ஜன்னலில் குனிந்து திட்ட வந்தான். முன் சீட்டில் வேப்பிலையைப் பார்த்துவிட்டு வழிவிட்டான். அதற்குப் பிறகு பாய் கண்ணாடியை இறக்கி, "தாயி வர்றா, ஒத்து ஒத்து" என்று கத்திக்கொண்டே ஓட்டினார். எல்லோரும் ஒதுங்கினார்கள்.

அவள் தலை அக்கா மடியில். கால் என் மடியில். காலை நான் தேய்த்துக்கொண்டே வந்தேன், சூடு வரும் என்று. வரவில்லை. புள்ளிகள் என் கண் முன்னே பெரிதாகின. அக்கா முன் சீட்டைப் பார்த்து விடாமல் பேசிக்கொண்டு வந்தார். கெஞ்சினார், திட்டினார். "நீயெல்லாம் ஒரு தாயா, சின்னப் பொண்ணுமேல இவ்ளோ கோவமா" என்று கேட்டார். நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பரனூர் தாண்டியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் இன்னும் பாதி வழிகூட வரவில்லை. பரனூர் அந்த வழியிலேயே இல்லை. எனக்கு ரோடே தெரியவில்லை. தினமும் பார்த்த ரோடு.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு வாசலில் இறக்கினேன். நர்ஸ் ஒருத்தர் தள்ளுவண்டியோடு வந்தார். அவள் உடம்பெல்லாம் மஞ்சள், தலைமுடியில் வேப்பிலை, பின்னால் அக்கா கையில் இன்னொரு கொத்து.

"அம்மையா?" என்று கேட்டார். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். பார்த்தவர் யாரானாலும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். அம்மைக்கு வேறு வார்டு. அங்கே அனுப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டரம்மா முதலில் சொல்லச் சொன்ன வார்த்தை என் நாக்கில் இருந்தது, வெளியே வரவில்லை.

அக்கா சொன்னார்.

"இல்லம்மா. ஜுரம். காலைலேர்ந்து ஜுரம். மண்ணீரல் எடுத்த ஒடம்பு."

சொல்லிவிட்டுக் கையில் இருந்த வேப்பிலையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

நர்ஸ் உள்ளே பார்த்துக் கத்தினார். நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். தள்ளுவண்டி போய்விட்டது. என் கையில் அவளுடைய ஒரு செருப்பு இருந்தது. எப்போது கழற்றினேன் என்று தெரியாது.

ஒரு டாக்டர் வந்து எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். காலையில் என்றோம். மாத்திரை கொடுத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றார் அக்கா. அவர் எழுதிக்கொண்டார். ரத்தத்தில் கிருமி ஓடுகிறது, காலில் இருப்பது முத்து இல்லை, அதனால் வந்த ரத்தக்கட்டு, பிரஷர் இல்லை, சர்க்கரை எக்கச்சக்கம், சொல்ல முடியாது என்றார். கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தோம். பாய் அன்றைக்குச் சிறுசேரி டிரிப்புக்குப் போகவில்லை. "தாயி குந்திகினு கீறா, எழுப்பி வுட்டுட்டு எப்டிப் போறது" என்றார். டீ வாங்கி வந்தார். அக்கா குடிக்கவில்லை. அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி, காலைலியே குட்த்திருந்தா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அது பொய் இல்லை. ஆனால் ஆறிப்போன டீயை அவர் பக்கம் நகர்த்தினேன். அக்கா அப்புறம் அதைக் கேட்கவே இல்லை. இன்றுவரை கேட்கவில்லை.

அவள் பிழைத்தாள். குழாய் வழியாக மூச்சு விட்டாள், பிரஷர் ஏற்ற மருந்து ஏறியது, ஒருநாள் நல்ல சேதி, மறுநாள் கெட்ட சேதி. கண் திறந்தாள். ஆனால் இடது கால் விரல்கள் கறுத்துவிட்டன. ரத்தம் போகாமல் செத்துவிட்டன என்றார்கள். காய்ந்த பிறகு எடுத்தார்கள். வலது காலில் சுண்டு விரல்.

எடுப்பதற்கு முன்னால் அவளுக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். மேலே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நான் வேணாம்னு சொன்னேன்ல?"

"சொன்ன."

"அப்பால ஏன் தூக்கினு வந்த?"

யோசித்தேன். சொல்ல எவ்வளவோ இருந்தது.

"தெர்ல" என்றேன்.

"தெர்லயாம்" என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்கு வரும்வரை என்னோடு பேசவில்லை. அக்காவோடு பேசினாள். அக்கா அவள் கால் கட்டைப் பிரித்துக் கட்டும்போதெல்லாம் மருமகளைத் திட்டினார். அவள் சிரித்தாள். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது நடக்கிறாள். பஞ்சு வைத்த ஷூ போட்டுக்கொண்டு மெதுவாக. துணி மடிக்கும் வேலைக்கு மறுபடி எடுத்துக்கொண்டார்கள், உட்கார்ந்து மடிக்கிறாள். என்னோடும் பேசுகிறாள். அன்று செய்தது சரியா தப்பா என்று நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அக்கா ஊருக்குப் போய்விட்டார். தாய் இறங்கி வந்துதான் தங்கச்சியைக் காப்பாற்றினாள் என்று அங்கே சொல்வதாகக் கேள்வி. சொல்லட்டும்.

காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் நான் அவள் நெற்றியைத் தொடுகிறேன். வெயிலோ மழையோ, தினமும். "சும்மா இருக்க மாட்டியா, தள்ளிப் போ" என்று என் கையைத் தட்டிவிடுவாள். தட்டிவிட்டால் கிளம்பிவிடுவேன். சில நாள் தட்ட மாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு என் கையை அப்படியே வைத்திருக்க விடுவாள். அன்றைக்கு நான் வேலைக்குப் போவதில்லை.